வெள்ளத்துக்கு முதல் எங்கே நின்றவர்?

பெருமழை வந்தால் ஒரு தலைவர் எங்கே நிற்க வேண்டும் என்ற கேள்விக்கு யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊரில் எல்லாரிடமும் பதில் இருக்கிறது. வெள்ளத்துக்குள் இறங்கி நின்றவர் எங்கட ஆள், கொழும்பில் இருந்து அறிக்கை விட்டவர் கணக்கில் இல்லை. முகப்புத்தகத்தில் படம் வந்ததா இல்லையா என்பதோடு தீர்ப்பு முடிந்துவிடும். இந்தத் தீர்ப்பு எனக்கு நெடுங்காலமாக உறுத்திக்கொண்டே இருந்தது, ஆனால் எது உறுத்துகிறது என்று பிடிபடவில்லை. 2024 நவம்பர் கடைசியில், பிறகு ஃபெங்கல் என்று பெயர் வைத்தார்களே அந்தத் தாழமுக்கம், அது கிழக்குக் கரையை உரசிக்கொண்டு மேலே வந்த நாட்களில் எங்கள் பகுதியில் நடந்த ஒன்றைப் பார்த்த பிறகு தான் அது கொஞ்சம் தெளிந்தது. மாமியோடு இதைப் பற்றி அன்று தொடங்கிய வாக்குவாதம் இன்னும் முடியவில்லை. அவவின் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது என்பதால் தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

பள்ளிக்கூட மண்டபத்தில் குடும்பங்களைத் தங்க வைத்திருந்தார்கள். வாங்குகளை இழுத்து ஒன்றோடொன்று சேர்த்து, மேலே பாய் போட்டு, வயது போனவர்களைப் படுக்க வைத்திருந்தோம். விதானையார், அதாவது கிராம அலுவலர், மூலையில் இருந்து குடும்ப அட்டை இலக்கங்களை ஒரு கொப்பியில் பதிந்துகொண்டிருந்தார். கொப்பி நனையக்கூடாது என்று பொலித்தீன் பைக்குள் வைத்து, எழுதும்போது மட்டும் வெளியே எடுப்பார், எழுதி முடிந்ததும் திரும்பச் சுற்றி மடிக்குள் வைப்பார். சாப்பாட்டுக்குக் குறை இல்லை, அது எங்கள் ஊரில் எப்படியும் வந்துவிடும், கோயில் மடத்தில் அடுப்பு மூட்டினால் நூறு பேருக்குச் சமைக்க ஆட்கள் ஓடி வருவார்கள். குறைந்தது வேறு சாமான்கள்: குழந்தைகளுக்குப் பால்மா, பெண்களுக்கு நப்கின், நுளம்புத்திரி, சுகர்க்காரருக்கு மருந்து.

பள்ளிக்கூடத்தின் முன் கேற்றடியில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. பின்பக்கம், ஆசிரியர்கள் மோட்டார் சைக்கிள் விடுகிற பக்கம், மேட்டு நிலம். அதால் வந்தால் கால் நனையாது. நாங்கள் எல்லாரும், சாப்பாடு கொண்டுவந்த வாகனமும் கூட, அந்தப் பாதையால் தான் போய்வந்தோம். இரண்டாம் நாள் மத்தியானம் அரசியல்வாதி ஒருவர் வந்தார். பெயர் இங்கே தேவையில்லை, அவருடைய இடத்தில் வேறு யார் இருந்தாலும் நான் இதைத் தான் எழுதியிருப்பேன். பின்பக்கத்தால் வரலாம் என்று அவருடைய ஆட்களுக்குச் சொல்லப்பட்டது, என் காதால் கேட்டேன். அவர் முன்பக்கத்தால் வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மெதுவாகத் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வர, கமரா வைத்திருந்த பெடியன் அவருக்கு முன்னால் பின்காலடி வைத்து நடந்து வந்தான். அந்தப் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள், அல்லது அதைப் போல இன்னொன்றை.

அதோடு முடிந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும், வெறும் படப்பிடிப்பு என்று எழுதிவிட்டுப் போயிருப்பேன். ஆனால் அவர் உள்ளே வந்து எல்லாரோடும் ஆறுதலாகக் கதைத்தார். ஒரு கிழவியின் கையைப் பிடித்துக்கொண்டு வாங்கில் இருந்தார். பிறகு விதானையாரிடம், தண்ணீர் ஏன் வடியவில்லை என்று கேட்டார். சந்தியடி மதகு அடைபட்டுக் கிடக்கிறது, அதைத் திறந்தால் தரவைப் பக்கம், அந்தத் தாழ்ந்த வெளிக்கு, ஓடிவிடும் என்று விதானையார் சொன்னார். அவர் அந்த இடத்திலேயே தொலைபேசியை எடுத்து யாரோ ஒரு அதிகாரியோடு இரண்டு நிமிடம் கதைத்தார். பொழுதுபட மண் அள்ளுகிற பெக்கோ இயந்திரம் வந்தது. மதகுக்குள் இருந்து பொச்சுமட்டை, பிளாஸ்ரிக் போத்தல், சீமெந்துப் பை, உடைந்த கல் என்று குவியல் குவியலாக அள்ளி வெளியே போட்டார்கள். விடியப் பார்த்தால் பள்ளிக்கூட முற்றத்தில் சேறு தெரிந்தது. மாமி சொன்னா: "பாத்தியே தம்பி, அவர் வந்தபடியாத்தான் தண்ணி வடிஞ்சது. நீங்கள் சும்மா குறை சொல்லித் திரியிறியள்."

அவர் வந்ததால் தான் தண்ணீர் வடிந்தது. உண்மை. அதை நான் மறுக்கவில்லை.

அந்த இரண்டு நிமிடம்

சனங்கள் வீட்டுக்குத் திரும்பிய பிறகு விதானையாரோடு தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது அவர் தன்னுடைய பையில் இருந்து ஒரு கடிதக் கோப்பை எடுத்துக் காட்டினார். அந்த மதகையும் அதோடு சேர்ந்த வாய்க்காலையும் பற்றிய கடிதங்கள். ஆவணியில் ஒன்று, புரட்டாதியில் ஒன்று, அதற்கு முந்திய வருடத்துக் கடிதங்களின் பிரதிகளும் இருந்தன. வாய்க்காலின் வீதியோரப் பகுதி ஒருவரின் பொறுப்பு, வயல் பக்கம் இன்னொருவரின் பொறுப்பு, நடுவில் ஒரு துண்டு யாருடையது என்று யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு பதிலிலும் இது எமது ஆளுகைக்குள் வராது என்ற வசனம் இருந்தது. ஒரு இடத்தில் வாய்க்காலை மறித்து ஒருவர் மதில் கட்டியிருக்கிறார், அதைப் பற்றியும் எழுதியிருக்கிறார்கள். இந்த விசயம் ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்திலும் எடுக்கப்பட்டதாம். அந்த அரசியல்வாதியும் கூட்டத்தில் இருந்தாராம்.

"அவரில பிழை சொல்லேலாது தம்பி," என்றார் விதானையார். "கூட்டத்தில நூறு விசயம் வரும். ஆனா ஒண்டு யோசிச்சுப் பாருங்கோ, இதே கோலை ஐப்பசியில எடுத்திருந்தா இவ்வளவு சனமும் வீட்டில படுத்திருக்கும்."

எனக்கு அப்போது தான் உறுத்தல் எங்கே இருக்கிறது என்று விளங்கியது. தலைவர் ஒன்றும் செய்யாமல் படம் எடுத்துக்கொண்டு போனார் என்பதல்ல என் மனக்குறை. அவரால் செய்ய முடிந்தது. இரண்டு நிமிடத்தில் முடிந்தது. வருடக்கணக்காகக் கடிதம் எழுதி நகராத ஒன்று அவருடைய ஒரு சொல்லில் நகர்ந்தது என்றால், அந்தச் சொல் அத்தனை காலமும் அவருடைய வாயிலேயே இருந்திருக்கிறது. அதை வெளியே எடுக்கக் குழந்தைகள் வாங்கில் படுக்க வேண்டியிருந்தது, தண்ணீர் முழங்காலுக்கு ஏற வேண்டியிருந்தது, கமரா வர வேண்டியிருந்தது. மழை ஒன்றும் சொல்லாமல் வந்த விருந்தாளி இல்லை. யாழ்ப்பாணத்துக்கு வருடம் முழுக்கக் கிடைக்கிற மழையில் பெரும்பகுதி ஒக்ரோபருக்கும் டிசம்பருக்கும் இடையில் தான் கொட்டுகிறது. 2008 நவம்பரில் நிஷா புயலோடு ஒரே நாளில் 390 மில்லிமீற்றருக்குக் கிட்டப் பெய்ததை மறந்தவர் இங்கே யார்? வழுக்கையாற்றை விட்டால் எங்களுக்கு ஆறு கிடையாது. குளமும் வாய்க்காலும் தரவையும் தான் தண்ணீரைக் கடலேரிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், அவற்றில் ஒன்று அடைபட்டால் தண்ணீர் வீட்டுக்குள் தான் வரும். இது படித்தவர்களுக்கு மட்டும் தெரிந்த ரகசியம் இல்லை.

வெள்ளம் வடிந்த பிறகு இன்னொன்று நடந்தது. டிசம்பரில் வடமராட்சிப் பக்கம் காய்ச்சலால் அடுத்தடுத்து ஆட்கள் இறந்தார்கள், எலிக்காய்ச்சல் என்று பிறகு உறுதியானது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் வயல் வயலாகப் போய் விவசாயிகளுக்கு டொக்சிசைக்கிளின் குளிசை கொடுத்தார்கள், குடித்தீர்களா என்று திரும்பவும் போய்க் கேட்டார்கள். அந்த நேரம் அரசியல்வாதிகளின் பக்கங்களில் வெள்ளப் படம் எல்லாம் கீழே போய்விட்டிருந்தது. குளிசையோடு வயல் வரம்பில் நின்ற எவருடைய படத்தையும் நான் ஒருவரின் பக்கத்திலும் காணவில்லை.

தூசிக்குள் நடந்த மேயர்

இதை யோசிக்கும்போதெல்லாம் எனக்கு ஞாபகம் வருகிறவர் எங்கள் நாட்டவர் இல்லை, நியூயோர்க் மேயராக இருந்த ருடி ஜூலியானி. 2001 செப்டெம்பர் 11 தாக்குதல் அன்று தூசி படிந்த தெருவில் அவர் நடந்துபோனதை உலகம் பார்த்தது. எத்தனை பேர் இறந்திருப்பார்கள் என்று கேட்டபோது, எங்களால் தாங்க முடியாத தொகையாக இருக்கும் என்ற பொருளில் அவர் சொன்ன பதிலை மறக்க முடியாது. பயந்து போன ஒரு நகரத்துக்கு அந்தக் குரல் தேவைப்பட்டது, அதைச் சின்ன விசயம் என்று நான் சொல்ல மாட்டேன். 'ரைம்' சஞ்சிகை அந்த வருடத்தின் மனிதராக அவரைத் தெரிவு செய்தது, பிரித்தானிய மகாராணி கௌரவப் பட்டம் கொடுத்தார்.

ஆனால் அவர் ஏன் தெருவில் நடந்தார்? நகரத்துக்கென்று ஒரு அவசரகால மத்திய நிலையம் அவருடைய நிர்வாகத்தில் தான் அமைக்கப்பட்டது, 1999இல் திறந்தார்கள். அது இருந்தது உலக வர்த்தக மையத்தின் 7ஆம் இலக்கக் கட்டடத்தில், 23ஆவது மாடியில். 1993இல் ஏற்கெனவே குண்டு வைக்கப்பட்ட வளாகம் அது. செப்டெம்பர் 11 காலையிலேயே அந்த நிலையத்தில் இருந்து எல்லாரும் வெளியேற வேண்டி வந்தது, பின்னேரம் கட்டடமே விழுந்தது. மேயர் இருந்து கட்டளை கொடுக்க வேண்டிய இடம் இல்லாமல் போனதால் தான் மேயர் தெருவில் இருந்தார். அவரை வீரனாக்கிய காட்சியே, அவருடைய ஆட்சியில் எடுத்த ஒரு முடிவு பிழைத்ததால் வந்த காட்சி.

ரேடியோக் கதை இதைவிடக் கொடுமை. உயர்ந்த கட்டடங்களுக்குள் தீயணைப்பு வீரர்களின் ரேடியோக்கள் ஒழுங்காக வேலை செய்வதில்லை என்பது 1993இலேயே தெரிந்த விசயம். 2001 தொடக்கத்தில் புது ரேடியோக்களைக் கொடுத்து, கோளாறு என்று கொஞ்ச நாளிலேயே திரும்ப வாங்கிவிட்டார்கள். அன்று கோபுரங்களுக்குள் ஏறியவர்களின் கையில் இருந்தவை பழையவை. வெளியேறச் சொன்ன கட்டளை வடக்குக் கோபுரத்துக்குள் நின்ற பலருக்குக் கேட்கவில்லை. அன்று இறந்த தீயணைப்பு வீரர்கள் 343 பேர். 2004 மே மாதம் விசாரணை ஆணைக்குழுவின் முன் ஜூலியானி வந்தபோது, இறந்தவர்களின் உறவினர் எழுந்து நின்று ரேடியோக்களைப் பற்றிக் கதைக்கச் சொல்லிச் சத்தம் போட்டார்கள். சனாதிபதி வேட்பாளராக அவர் போட்டியிட முயன்றபோது அவரை எதிர்த்து முன்னுக்கு நின்றதும் தீயணைப்பு வீரர்களின் சங்கம் தான். உலகம் படத்தைப் பார்த்தது, அவர்கள் ரேடியோவைக் கையில் பிடித்தவர்கள்.

மாமியின் நியாயம்

மாமிக்கு இதைச் சொன்னபோது அவ நியூயோர்க்கைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "எங்களை ஆராவது வந்து பாத்தவையே தம்பி, அந்த நேரம்?" என்றா. அந்த நேரம் என்றால் 2004 மார்கழி, சுனாமி வந்த நேரம். மாமியின் தமக்கை குடும்பம் வடமராட்சி கிழக்கில் இருந்தது. நாடு முழுக்க 30,000க்கு மேற்பட்டோரைக் கடல் கொண்டுபோன அந்தப் பேரழிவுக்குப் பிறகு, 2005 சனவரியில் ஐ.நா. செயலாளர் நாயகம் கோபி அனான் இலங்கைக்கு வந்தார். அம்பாந்தோட்டையைப் பார்த்தார். புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த முல்லைத்தீவுப் பக்கம் போக அரசாங்கம் அனுமதிக்கவில்லை. செத்துப்போனவர்களைக் கூட வந்து பார்க்க விடாத அரசியல் அது. மாமி தலைவர் ஒருவர் தண்ணீருக்குள் வந்து நிற்பதைப் பெரிதாக எடுக்கிறா என்றால், அதற்குப் பின்னால் பார்க்கப்படாமல் விடப்பட்ட ஒரு தலைமுறையின் வலி இருக்கிறது. வந்து பார்ப்பது வெறும் படம் என்று ஒதுக்குகிறவர்கள் இதை விளங்கிக்கொள்ள வேண்டும். எங்களுக்கு அது, நீங்களும் கணக்கில் இருக்கிறீர்கள் என்ற ஒப்புதல்.

ஆனால் அதே சுனாமியில் இருந்து எனக்கு வேறொரு கணக்கும் வருகிறது. கடல் வந்த அன்று சனாதிபதி சந்திரிகா நாட்டில் இல்லை, பிரித்தானியாவில் விடுமுறையில் இருந்தார். படக் கணக்கில் அதைவிடப் பெரிய தோல்வி இல்லை. பிரதமராக இருந்த மகிந்த ராஜபக்ச தெற்கில் சனங்களோடு நிற்கிற மனிதர் என்று பெயர் எடுத்தார். அடுத்த வருடம் நிவாரண நிதியில் இருந்து 82 மில்லியன் ரூபா 'ஹெல்பிங் ஹம்பாந்தோட்டை' என்ற கணக்குக்குப் போனது பற்றிய விவகாரம் வெளியே வந்தது. உயர் நீதிமன்றம் பொலிஸ் விசாரணையை நிறுத்தியது, அந்தத் தீர்ப்புக்காகப் பின்னாளில் முன்னாள் பிரதம நீதியரசர் சரத் என். சில்வா பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். ஆனால் அதற்குள் அந்த 2005 நவம்பரிலேயே மகிந்த சனாதிபதி ஆகிவிட்டார்.

அன்றைக்கு இல்லாத சந்திரிகா பிறகு என்ன செய்தார்? சுனாமி நிதியை வடகிழக்குக் கரைக்கும் சேர்ப்பதற்கான பொதுக்கட்டமைப்பு ஒப்பந்தத்தை 2005 யூன் 24 அன்று கைச்சாத்திட வைத்தார். ஆறு மாவட்டங்களில் கரையில் இருந்து இரண்டு கிலோமீற்றர் வரையான பகுதிக்கான ஏற்பாடு. அதை எதிர்த்துக் கூட்டணிக் கட்சியான ஜே.வி.பி. அரசாங்கத்தை விட்டு வெளியேறியது, பெரும்பான்மை போனது, அப்படியும் கையெழுத்து விழுந்தது. யூலையில் உயர் நீதிமன்றம் அதன் முக்கியமான பகுதிகளுக்குத் தடை போட்டது, அந்தக் கட்டமைப்பு ஒரு நாளும் இயங்கவில்லை. ஆறு மாதம் இழுத்தடித்ததற்கும் அவரைத் தான் கேட்க வேண்டும், அவருடைய ஆட்சியில் எங்கள் தலையில் விழுந்த குண்டுகளையும் நான் மறக்கவில்லை. என்றாலும் பேரழிவுக்குள் ஒரு தலைவர் செய்யக்கூடிய கடினமான வேலை எது என்று கேட்டால், வந்து நிற்பதைவிட அந்தக் கையெழுத்து என்று தான் சொல்வேன். அதற்குத் தன் பக்கத்தில் நட்டம் இருந்தது. தண்ணீருக்குள் நிற்பதில் எவருக்கும் நட்டம் இல்லை.

மாமி இதற்குப் பதில் சொல்லவில்லை, ஆனால் ஒத்துக்கொள்ளவும் இல்லை.

யாருமே இல்லாத காலங்கள்

கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தையும் சொல்ல வேண்டும். புனரமைத்த குளத்தை 2018 டிசம்பர் 7 அன்று சனாதிபதி மைத்திரிபால சிறிசேன வந்து திறந்து வைத்தார். இரண்டு கிழமை கழித்து, டிசம்பர் 21 இரவு கொட்டிய மழையில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் மூழ்கின. குளத்தின் கதவுகளைத் திறந்தது பிந்திப் போனதா என்ற கேள்வி எழும்பி, அடுத்த வருடம் மாகாண ஆளுநர் விசாரணைக் குழு நியமிக்கிற அளவுக்குப் போனது. யாரில் பிழை என்பதற்குள் நான் போகவில்லை. எனக்குப் பெரிதாகப் படுவது அந்த நாட்களில் வேறு யார் இல்லை என்பது. வட மாகாண சபையின் காலம் அந்த ஒக்ரோபரில் முடிந்துவிட்டது. ஒக்ரோபர் 26 அன்று சிறிசேனவே பிரதமரை மாற்றி நாட்டைக் குழப்பத்துக்குள் தள்ளி, புது அமைச்சரவை பதவியேற்றது மழைக்கு முதல் நாள் தான். கேட்க ஆள் இல்லை, பொறுப்புச் சொல்ல ஆள் இல்லை, திறப்பு விழாவுக்கு மட்டும் ஆள் இருந்தார்.

2024 நவம்பரிலும் அதே நிலை தான். பிரதேச சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. காசு இல்லை என்று தேர்தலைத் தள்ளினார்கள், அது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்டில் சொன்னது, தேர்தல் நடந்தது 2025 மே 6 அன்று. அதாவது எங்கள் சந்தியடி மதகு அடைபட்டுக் கிடந்த காலம் முழுக்க, அதற்காகச் சட்டையைப் பிடித்துக் கேட்கக்கூடிய ஒரு உறுப்பினர் ஊரில் இல்லை. மாகாண சபைக்கு 2018இல் இருந்தே தேர்தல் இல்லை. வாய்க்கால் வெட்டுகிற மட்டத்தில் இருக்க வேண்டியவர்களை எல்லாம் இல்லாமல் செய்துவிட்டால் மிஞ்சுவது யார்? ஹெலியில் வருகிறவரும் வேட்டியை மடித்துக் கட்டுகிறவரும் தான். அவர்களுடைய படத்துக்கு நாங்கள் கொடுக்கிற மதிப்பும் அதனால் தான் கூடுகிறது. விதானையாரின் கடிதத்துக்கு வழி இல்லாத ஊரில், ஒரு பெரியவரின் தொலைபேசி அழைப்பு அருளாகத் தெரிவதில் ஆச்சரியம் இல்லை.

போன வருடம் மாமியிடம் இதைச் சொன்னபோது அவ கேட்டா: "சரி, அவர் ஆவணியில வந்து வாய்க்கால் துப்பரவாக்கியிருந்தா நீ படம் எடுத்துப் போட்டிருப்பியே? ஆர் பாத்திருப்பினம்?"

போடுவேன் மாமி என்றேன். போட்டும் இருக்கிறேன். சபைக்குத் தேர்தல் நடந்த பிறகு விதானையாரின் கோப்பில் இருந்த கடிதங்களைப் பிரதி எடுத்துக்கொண்டு எங்கள் வட்டார உறுப்பினரிடம் நாலைந்து பேராகப் போனோம். அவர் இளம் ஆள், முதல் தடவை தெரிவானவர். நேரே வந்து வாய்க்கால் நீளத்துக்கு நடந்து பார்த்தார், எந்தத் துண்டு யாருடையது என்று கேட்டுக் கேட்டுக் குறித்துக்கொண்டார். மழைக்கு முன் மதகுப் பக்கம் துப்பரவாக்கினார்கள், அந்தப் படத்தை அவருடைய பெயரோடு நான் தான் என் பக்கத்தில் போட்டேன். வாய்க்காலை மறித்த மதில் மட்டும் இன்னும் நிற்கிறது. மதில்காரர் செல்வாக்கான ஆள், ஊரில் பலருக்குச் சொந்தம், எனக்கும் தூரத்துச் சொந்தம். அடுத்த சபைக் கூட்டத்தில் அதை எடுக்கிறேன் என்று உறுப்பினர் சொல்லியிருக்கிறார். எடுத்தால் அவருக்கு வாக்குக் குறையும் என்று அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். கூட்டத்தைப் பொதுமக்கள் இருந்து பார்க்கலாமாம். நாங்களும் போகிறோம், மாமியும் வாறேன் என்று சொல்லியிருக்கிறா.